பத்து முப்பத்தைந்து

பத்து ஐம்பத்திரண்டுக்கு அலறினாள்.
கண்கள் திறந்திருந்தன. அவற்றில் நான் இல்லை.

வாரி எடுத்தேன்.
என் மார்பில் இருந்துகொண்டே
என்னைத் தள்ளிக்கொண்டே
"அப்பா, அப்பா" என்று
கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.
இதோ இருக்கிறேன் பிஹ்லா.
சொல்லச் சொல்ல
இன்னும் உரக்கக் கூப்பிட்டாள்,
இந்த அந்நியனிடமிருந்து மீட்க
என்னை.

முழங்கை பட்டு உதடு கிழிந்தது.
கீழ்வீட்டுத் திருமதி ஹைக்கோலா
துடைப்பக் கட்டையால் எங்கள் தரையை இடித்தாள்,
மூன்று இடி, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று.
துலியா ஓடி ஓடி எல்லா விளக்கையும் போட்டாள்.
அது தப்பு என்று அப்போது தெரியாது.

பன்னிரண்டு நிமிடம்.
பிறகு குழாயை மூடியதுபோல் நின்றது.
அவள் தூங்கினாள்.

காலையில், கஞ்சியின் நடுவே குழி தோண்டி
ஜாம் ஊற்றச் சொன்னாள்.
உன் உதட்டுக்கு என்ன?
கதவு இடித்துவிட்டது.
எந்தக் கதவு?
விடமாட்டாள். நான்கு வயது.
குளியலறைக் கதவைக் காட்டினேன்.
போய் அதற்கு ஓர் அடி கொடுத்துவிட்டு வந்தாள்.

துய்ராவின் குழந்தைகள் நல நிலையத்தில்
அவளை எடை போட்டபடியே செவிலி சொன்னாள்:
இது கனவல்ல. கனவென்றால்
காலையில் கொஞ்சமாவது மிஞ்சும்.
உலுக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள்.
எதிலும் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
நேரத்தை எழுதி வையுங்கள்.

நேரம் எழுதுவது என் பிழைப்பு.
ஔலு நகரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
எந்தத் தெரு, எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணிக்கு.
அதே நோட்டின் பின்பக்கத்தில்:
10.47. கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.
10.55. போ என்றாள். போனேன், ஓர் அடி தூரம்.
10.50. கம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன்.
கை தானாக நீளாதிருக்க
அதைத் தொடைக்கடியில் வைத்து
அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.
சும்மா இருப்பதற்கு
இத்தனை வலு வேண்டும் என்று
இந்த உடம்புக்கு யாரும் சொன்னதில்லை.

ஏழு இரவுக்குப் பின் செவிலி நோட்டைக் கேட்டாள்.
முன்பக்கத்தையும் படித்தாள். சிரித்தாள்.
"வண்டிகள் கிளம்பும்முன் நீங்கள் போய்விடுவீர்கள்தானே,
அதேதான்.
அது வருவதற்குக் கால்மணி முன்னால்
லேசாக எழுப்பிவிடுங்கள்."

நன்றாகத் தூங்கும் பிள்ளையை எழுப்புவதா?
துலியாவுக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான்.
பத்து முப்பத்து நான்கு வரை
சொந்த வீட்டில் திருடர்களைப் போல
அவள் அறைக்கு வெளியே நின்றோம்.
தோளைத் தொட்டேன்.
என்ன? என்றாள்.
ஒன்றுமில்லை.
ம். புரண்டு படுத்தாள்.
என்னைப் பார்த்துக் கேட்டாள்.
துலியா, கவனித்தாயா, என்னைப் பார்த்து.

பத்து ஐம்பது ஆயிற்று. பதினொன்று.
கீழே யாரோ இருமுவது கேட்டது.

ஒன்பதாம் இரவு பனி கொட்டியது.
அழைத்தார்கள், போனேன்.
மைனஸ் பதினெட்டு.
பத்தரைக்கு வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது,
மஞ்சள் விளக்கு சுவர் சுவராக ஏறி இறங்கியது.
மூன்றாம் மாடி, இடமிருந்து இரண்டாவது சன்னல்.
இரும்பு அலகு தார்ச்சாலையைச் சுரண்டும் ஓசைக்குச்
செத்தவனும் எழுந்துவிடுவான்.
அலகைத் தூக்கினேன்.
தூக்கியபடியே கட்டடத்தைக் கடந்தேன்,
நாற்பது மீட்டர்.
திருப்பத்தில் நின்று கண்ணாடியில் பார்த்தேன்.
சன்னலில் சின்ன விளக்கு எரிந்தது.
எண்ணினேன்.
பதினொன்றில் அணைந்தது.

திங்கட்கிழமை மேற்பார்வையாளர்
ஒரு புகார்க் கடிதத்தை நீட்டினார்.
எங்கள் கட்டடத்தின் முன் மட்டும் பனி அள்ளவில்லை,
ஊன்றுவண்டியைத் தள்ளிக்கொண்டு
பேருந்து நிறுத்தம் போக முடியவில்லை.
இப்படிக்கு, ஹைக்கோலா.
படித்தேன் என்று கையெழுத்திட்டேன்.

மாலையில் மண்வாரியோடு இறங்கினேன்.
பிஹ்லாவும் வந்தாள், சிவப்பு வாளியோடு.
நாற்பது மீட்டர்.
அள்ளி அள்ளி
நான் அள்ளி முடித்த இடத்திலேயே
கொட்டிக்கொண்டு வந்தாள்.